தோட்டக்கால்களில் எலித் தொல்லையும் அதைக் காலத்தில் அடக்கும் முறைகளும்

பயிருக்குத் தீங்கு செய்யும் பிராணிகளுள் எலியைப்போல் குடியானவரை ஏமாற்றுவது வேறொன்றில்லை. புழு விழுந்தால் இலையில் தெரியும். மாடு இறங்கினால் குளம்படி தெரியும். எலியோ வரப்பை ஒட்டிய பயிரைப் பெரும்பாலும் தொடாமல் விட்டு, வயலின் நடுவிலே தூர்களைச் சாய்வாக அறுத்துப் போடும். வரப்பின்மேல் நின்று பார்ப்பவருக்குப் பயிர் பச்சையாகவே தோன்றும். அரிவாளுடன் ஆட்கள் இறங்கும் அன்றுதான் நடுவில் வட்டம் வட்டமாக வெறுந்தரை கிடப்பது தெரியவரும். தோட்டக்கால்களிலும் இப்படியே. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் மேலே கொடியும் இலையுமாகச் செழித்திருக்க, கீழே கிழங்கு குடையப்பட்டிருக்கும். நிலக்கடலையில் செடி நிற்கும், காய் இராது.

இவ்விதம் நஷ்டம் தாமதமாகத் தெரிவதால், குடியானவர் கோபத்திலும் அவசரத்திலும் கையில் கிடைத்ததைச் செய்துவிடுகிறார். விஷத்தைத் திறந்த வெளியில் தூவுகிறார். சிலர் வயலைச் சுற்றி மின்சாரக் கம்பி இழுத்துவிடுகிறார்கள். சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு பிர்க்காவில், நாற்றங்காலுக்கு எலி வராமலிருக்க ஒருவர் இப்படிக் கம்பி கட்டியிருந்தார். விடியுமுன் மடை திறக்க வந்த அவருடைய தம்பியின் கால் அதில் பட்டது. மறுநாள் நான் அவ்வீட்டுக்குச் சாவு கேட்கப் போனேன். முந்தின வாரமே அந்தக் கம்பி என் கண்ணில் பட்டிருந்தது. "ஐயா, இது ஆபத்து, எடுத்துவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டேன். எடுத்துவிட்டு என்ன செய்வது என்று அவருடன் உட்கார்ந்து நான் சொல்லவில்லை. அன்று சொல்லாததை இன்று எல்லோருக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எலிகளின் வகைகள்

தோட்டத்தில் காணும் எலிகளெல்லாம் ஒரே ஜாதியல்ல. நமது காவிரிப் பாசனப் பகுதிகளில் அதிக நாசம் செய்வது வரப்பெலி. உடல் தடித்து, மூக்கு மழுங்கி, வால் உடலைவிடக் குட்டையாக இருக்கும். வளை வாயில் புதுமண் குவித்து, உள்ளிருந்தே தளர்ந்த மண்ணால் அடைத்துக்கொள்ளும். நெற்கதிர்களை வளைக்குள் இழுத்துச் சேமித்து வைப்பதும் இதுவே. புல்லெலி மென்மையான உரோமமுடையது. நிலவெடிப்புகளிலும் பிற எலிகள் விட்ட வளைகளிலும் குடியிருக்கும். வயல் சுண்டெலி மிகச் சிறியது. ஆனால் விதைத்த விதையைத் தோண்டித் தின்னும். மணற்பாங்கான புன்செய்த் தோட்டங்களில் வெள்ளெலி உண்டு. தென்னையின் கொண்டையில் வசித்து இளங்காய்களைத் துளைப்பது வீட்டெலியின் இனம்.

இவற்றோடு மூஞ்சூறையும் சேர்த்து அடித்துவிடுகிறோம். நீண்ட மூக்கும் ஒருவித நாற்றமும் உடைய மூஞ்சூறு எலியே அன்று. பூச்சிகளையும் புழுக்களையும் தின்று வாழ்வது. பொறியில் அகப்பட்டால் அதைத் திறந்து விட்டுவிடுவது தோட்டத்திற்கு நன்மை.

வைகாசியில் இரண்டு, புரட்டாசியில் இருபது

எலி சுமார் மூன்று வாரம் கர்ப்பம் தரிக்கும். ஒரு ஈற்றில் ஆறு முதல் பத்துக் குட்டிகள் வரை போடும். ஈன்ற சில தினங்களுக்குள்ளேயே மீண்டும் கர்ப்பமாகக்கூடும். தீனி பெருகும் காலத்தில், அதாவது பயிர் பால் பிடித்துக் கதிர் முற்றும் பருவத்தில், இனப்பெருக்கம் மிகும். ஈற்றுக்கு ஆறு என்று குறைவாகவே வைத்து, குறுவை நடவு தொடங்கி அறுப்பு முடிவதற்குள் மூன்று ஈற்று என்று கணக்கிட்டாலும், ஒரு ஜோடி இருபது எலியாகிவிடும். முதல் ஈற்றுக் குட்டிகள் மூன்று மாதத்திற்குள் தாமே ஈனத் தகுதியடைவதை இக்கணக்கில் சேர்க்கவில்லை.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்கும். முதலாவது, வைகாசியில் இரண்டு எலியைப் பிடிக்கும் சிரமத்தோடு முடியக்கூடிய காரியம், புரட்டாசியில் இருபது எலியைப் பிடித்தாலும் முடியாது. ஏனெனில் அதற்குள் பயிர் போய்விட்டது. இரண்டாவது, ஜீவகாருண்யத்தைக் கருதுவோரும் இதே முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. முன்கூட்டிச் செய்பவர் இரண்டு உயிரைக் கொல்கிறார். காலம் தாழ்த்துபவர் இருபதைக் கொல்ல நேர்கிறது. அதுவும் குட்டிகள் வளைக்குள் பட்டினியால் சாகும்படி நேர்கிறது. ஆகவே இரக்கமும் இலாபமும் இவ்விஷயத்தில் ஒன்றுக்கொன்று விரோதமல்ல.

மேட்டூர் அணை ஜூன் 12-ந் தேதி திறப்பது வழக்கம். அதற்கு முந்திய இரண்டு மாதங்களில் வயல்கள் காய்ந்து தரிசாகக் கிடக்கும். தீனியின்றி எலிகள் குறைந்து, வாய்க்கால் கரைகளிலும், கிணற்றுப் பாசனத் தோட்டங்களிலும், வைக்கோற் போரடியிலும் ஒதுங்கியிருக்கும். எலி ஒழிப்புக்கு இதைவிடத் தகுந்த சமயம் கிடையாது.

இருப்பிடமும் தீனியும் இல்லாமற் செய்தல்

கொல்லாமலே எலியைக் குறைக்கும் வழி, அது குடியிருக்க இடமும் தின்னத் தீனியும் விடாமலிருப்பதே. வரப்புகள் அகலமாகவும் உயரமாகவும் இருந்தால் எலிக்கு அரண்மனை கட்டிக் கொடுத்தது போலாகும். ஓரடி அகலத்திற்கு மேற்படாமல் வரப்பைச் சீவிச் சிறிதாக்கினால் வரப்பெலி வளை தோண்ட இடமிராது. ஆண்டுக்கொரு முறை வரப்பைச் செதுக்கி மண் பூசும் பழைய வழக்கத்தை நம்மில் அநேகர் கூலி மிச்சமென்று கைவிட்டுவிட்டோம். அதன் பலனை எலி அனுபவிக்கிறது.

தோட்டத்தில் வேலியடியிலுள்ள புதர்களையும், கிணற்று மேட்டில் குவித்த கற்களையும், பழைய மட்டைக் குவியல்களையும் அப்புறப்படுத்த வேண்டும். வைக்கோற் போரையும் விறகையும் தரையில் போடாமல், ஒன்றரை அடி உயரத்தில் கால் நட்டுப் பரண்மேல் போடலாம். உதிர்ந்த காய்கனிகளை அன்றன்றே பொறுக்கிவிட வேண்டும். கோழித் தீவனத்தை இரவில் திறந்து வைக்கலாகாது. பத்தாயம், குதிர் முதலியவற்றின் ஓட்டைகளைத் தகரமிட்டு அடைக்க வேண்டும். மரத்தாலும் மண்ணாலும் அடைத்தால் எலி மீண்டும் கொறித்துத் திறந்துவிடும். அதன் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருப்பதால் கொறிப்பது அதற்கு விளையாட்டன்று, அவசியம்.

குடியுள்ள வளையை அறிதல்

ஒரு தோட்டத்தில் நாற்பது வளை தென்பட்டால் நாற்பது எலி இருப்பதாக அஞ்ச வேண்டாம். ஒரே எலிக்குப் பல வாயில்கள் உண்டு. பல வளைகள் பாழாகவும் கிடக்கும். மாலையில் எல்லா வளைகளையும் ஈர மண்ணால் அடைத்துவிட்டு, அருகில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். மறுநாள் காலையில் திறந்திருப்பவையே குடியுள்ளவை. வேலை அவற்றில் மட்டுமே. இந்த ஒரு சிறு காரியத்தால் செலவும் விஷமும் உழைப்பும் வெகுவாகக் குறையும். காரியம் முடிந்தபின் மீண்டும் ஒருமுறை அடைத்துப் பார்த்தால், எவ்வளவு பலித்தது என்பதும் தெரிந்துவிடும்.

வளையை வெட்டிப் பிடிப்பதாயின், முதலில் பக்கத்து வாயில்களையெல்லாம் அடைத்துவிட்டு வெட்ட வேண்டும். இல்லாவிடில் எலி புறவாயில் வழியே ஓடிவிடும். வளையை அரைகுறையாக விடாமல் கூடுவரை வெட்ட வேண்டும். தாயைப் பிடித்துக் குட்டிகளை மண்ணுக்குள் விடுவது கொடுமை. இவ்வேலையில் இருளர் மக்களுக்குள்ள கைத்தேர்ச்சி வேறெவருக்கும் இல்லை. வளையின் வாயைப் பார்த்தே உள்ளிருப்பது இன்ன எலியென்று சொல்லக்கூடியவர்கள். அவர்களைத் தக்க கூலி கொடுத்து அழைப்பது விஷம் வாங்குவதைவிட நல்ல செலவு.

பொறிகள்

நமது ஜில்லாவுக்கே உரிய தஞ்சாவூர்க் கிட்டி மூங்கிலால் செய்த எளிய கருவி. வளைத்து மாட்டிய மூங்கில் வில், இரையை எலி தொட்டவுடன் விடுபட்டுச் சரட்டை இறுக்கும். வில் விறைப்பாக இருந்தால் எலி கணத்தில் இறந்துவிடும். தளர்ந்த வில் அதை வெகுநேரம் துடிக்க வைக்கும். ஆதலால் பருவத்துக்குப் பருவம் வில்லையும் சரட்டையும் சோதித்து, தளர்ந்தவற்றை மாற்றிவிட வேண்டும்.

வீட்டுத் தோட்டத்திற்கும் குழந்தைகள் நடமாடும் இடத்திற்கும் கூண்டுப்பொறியே ஏற்றது. எலி, முக்கியமாக வீட்டெலி, புதிய பொருளைக் கண்டால் சில நாள் அணுகாது. ஆகவே இரண்டு மூன்று இரவு பொறியைப் பூட்டாமல், சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாடோ நிலக்கடலையோ வைத்துத் திறந்தே விடுங்கள். எலி வந்து பழகியபின் பூட்டுங்கள். பொறியைத் திறந்த வெளியில் வைக்காமல், எலி ஓடித் தேய்ந்த தடத்தை ஒட்டி, சுவரோரமாகவோ வரப்போரமாகவோ வைக்க வேண்டும். சாயங்காலம் வைத்து, விடிந்தவுடன் பார்க்க வேண்டும். வெயில் ஏறும்வரை பிராணியைக் கூண்டில் தவிக்க விடலாகாது; பகலில் அணிலும் குருவியும் அகப்படாமலிருக்கவும் இது அவசியம்.

பிடிபட்ட எலியை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவது புண்ணியமென்று சிலர் எண்ணுகிறார்கள். அது அயலார் நிலத்தில் தொல்லையை இறக்குவதாகும். தெரியாத இடத்தில் விடப்பட்ட எலி, வளையுமின்றித் தீனியுமின்றிப் பெரும்பாலும் மடிந்துபோகிறது. கூண்டோடு தண்ணீரில் அமிழ்த்துவதும் மெல்லக் கொல்வதே. தடித்த சாக்குப் பையில் கூண்டைத் திறந்து எலியை மூலைக்கு ஒதுக்கி, தலையில் ஒரே அடியாக அடித்து முடிப்பதே அதற்கு வேதனை குறைந்த வழி. பார்க்க அருவருப்பாயினும் உண்மை இது.

பசை தடவிய அட்டையை வைத்துப் பிடிக்கும் முறையை அறவே விட்டுவிட வேண்டும். அதில் ஒட்டிய எலி உயிரோடு மணிக்கணக்காகத் துடிக்கும்; பல்லி, ஓணான், குருவி முதலியவையும் ஒட்டிக்கொள்ளும்.

கூகையும் சாரையும்

கூகையின் குரல் அபசகுனமென்று விரட்டுவது நம்மிடையே உள்ள வழக்கம். கூகை இரவெல்லாம் எலி பிடித்து, முழுதாகவே விழுங்கி, எலும்பையும் உரோமத்தையும் உருண்டையாகக் கக்கிவிடும். அது தங்கும் மரத்தடியிலோ பழைய கட்டடத்திலோ அவ்வுருண்டைகளைப் பிரித்துப் பார்த்தால் எலியின் மண்டையோடுகள் கிடைக்கும். சகுனம் பார்ப்பவர்கள் ஒருமுறை இதைப் பிரித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் கூகைக்கென்றே மரப்பெட்டிகள் கட்டி அவற்றைக் குடியேற்றுகிறார்கள்.

நடவு முடிந்தவுடன் வயலில் ஆங்காங்கே ஆளுயரத்திற்குமேல் கொம்பு நட்டு, குறுக்கே ஒரு கட்டையைக் கட்டிவிட்டால் கூகையும் ஆந்தையும் இரவில் அமர்ந்து வேட்டையாடும். கதிர் முற்றும் சமயத்தில் கொம்புகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையேல் பகலில் தானியம் தின்னும் பறவைகள் அவற்றில் வந்தமரும். சாரைப்பாம்பு விஷமற்றது, வளைக்குள்ளேயே நுழைந்து எலியைத் தின்பது. அதை அடிப்பது நம் காவற்காரனை நாமே அடிப்பதாகும். 1972-ம் வருஷத்திய வனஜீவி பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றமும் ஆகும்.

தென்னந்தோப்பு

தென்னையில் எலி ஏறாமலிருக்க, தரையிலிருந்து ஆறடிக்கு மேல் ஒன்றேகால் அடி அகலமுள்ள வழவழப்பான தகரத்தை மரத்தைச் சுற்றி இறுக்கமாகக் கட்டலாம். எலிக்கு அதில் நகம் பிடிக்காது. ஆனால் தோப்பில் மரங்களின் மட்டைகள் ஒன்றோடொன்று கோத்திருந்தால் ஒரு மரத்தில் ஏறிய எலி எல்லா மரத்திற்கும் போய்விடும். அங்கே தகரத்தால் பயனில்லை. காய்ந்த மட்டையையும் பாளையையும் வருஷத்திற்கு இருமுறையாவது களைந்து கொண்டையைச் சுத்தம் செய்ய வேண்டும். தகரத்தை அவ்வப்போது தளர்த்திக் கட்ட மறக்கலாகாது.

விஷம் கடைசி வழி

மேற்சொன்னவற்றைச் செய்தும் தொல்லை மிகுந்தால்தான் விஷத்தைக் கருத வேண்டும். எலி வாந்தியெடுக்க இயலாத பிராணியாகையால், புதிய தீனியைச் சிறிது கடித்துப் பார்த்துக் காத்திருக்கும். துத்தநாக பாஸ்பைடு கலந்த தீனியைச் சிறிதளவு தின்று பிழைத்த எலி மீண்டும் அதைத் தொடாது. ஆகவேதான் முதலில் சில நாள் விஷமில்லாத தீனி வைத்துப் பழக்க வேண்டுமென்பது விதி. அவ்விதியைத் தவறவிட்டவர்களே மருந்து பலிக்கவில்லை என்கிறார்கள். இவ்விஷத்திற்கு மாற்று மருந்து கிடையாது. ஈரம் பட்டால் நச்சுவாயுவை வெளிவிடும். புரோமடையலோன் என்னும் மருந்து சில நாட்களில் இரத்தம் உறையாமற் செய்து கொல்லும். இதற்கு வைட்டமின் கே மாற்று மருந்தாக உண்டு. ஆனால் எலிக்கு இது நீண்ட வேதனை. அவ்வெலியைத் தின்னும் கூகைக்கும் கேடு.

எதை வைத்தாலும், குடியுள்ள வளைக்குள் ஆழமாக வைத்து வாயை மூட வேண்டும். வெறுங்கையால் கலக்கலாகாது, சமையல் பாத்திரத்தில் கலக்கவே கூடாது. மீந்ததை மாட்டுக் கொட்டகையில் செருகி வைக்காமல் அன்றே புதைத்துவிட வேண்டும். செத்த எலிகளைப் பொறுக்கி, கிணற்றிற்கு எட்ட இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். அளவும் விகிதமும் டப்பாவின் மேலுள்ளபடியே. ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டுக் கலப்பது வேண்டாம்.

மஞ்சட் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையை வீட்டில் வைத்திருப்பவர் யாராயினும் இன்றே ஒப்படைத்துவிட வேண்டும். அது உட்சென்றவர் ஓரிரு நாள் நலமாகவே இருப்பதுபோல் தோன்றி, பின்பு ஈரல் கெட்டு இறக்கவும் கூடும். அதன் விற்பனையைத் தமிழ்நாட்டு அரசாங்கம் தடை செய்திருக்கிறது. மின்சாரக் கம்பி பற்றி முன்னமே சொன்னேன். அது எலியென்றும் மனிதனென்றும் பார்க்காது, சட்டப்படி குற்றமுமாகும்.

எலிக்காய்ச்சல்

எலியின் சிறுநீரிலுள்ள ஒரு கிருமி, சேற்றிலும் தேங்கிய நீரிலும் கலந்து, காலிலுள்ள வெடிப்பு, கீறல் வழியாக உடம்பில் ஏறிக் காய்ச்சலை உண்டாக்கும். கடுஞ்சுரம், கெண்டைக்கால் தசையில் மிகுந்த வலி, கண் சிவத்தல் ஆகியவை இதன் குறிகள். முற்றினால் காமாலை காணும். சேற்றில் வேலை செய்தவருக்கு இவை கண்டால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். காலில் புண்ணுள்ளவர்களைச் சேற்றில் இறக்காதிருப்பதும், செத்த எலியை வெறுங்கையால் தொடாதிருப்பதும் நில உடைமைக்காரர் தம் ஆட்களுக்குச் செய்ய வேண்டிய கடமை.

ஊர் கூடிச் செய்ய வேண்டியது

ஒரு கிராமத்தில் பெரியவர் ஒருவர் என்னிடம், "நான் என் தோட்டத்தில் பிடித்து என்ன ஆகும் தம்பி? பக்கத்துக் கொல்லை எலிக்கு என் வேலி தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாதுதான் ஐயா. அதனால்தான் இரண்டு கொல்லையிலும் ஒரே நாளில் வளை அடைக்க வேண்டுமென்கிறேன்" என்றேன். பக்கத்துக் கொல்லைக்காரரோடு அவருக்குப் பல வருஷமாகப் பேச்சில்லை. ஆயினும் அந்த மாலை இருவரும் தத்தம் எல்லையில் நின்று வளை அடைத்தார்கள். மறுநாள் காலையில் அடைத்தவற்றில் பாதிகூடத் திறக்கவில்லை. திறந்தவற்றுள் அதிகமானவை இருவருக்கும் பொதுவான வேலியடியில் இருந்தன. வெட்டுவதற்கு ஆள் பேச வேண்டியிருந்ததால், அவர்களும் பேச வேண்டியதாயிற்று.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். எலிகள் ஒதுங்குமிடங்களுள் பெரும்பகுதி எவர் பெயரிலும் பட்டா இல்லாத நிலம்: வாய்க்கால் கரை, ஏரிக்கரை, மயானம், புறம்போக்குப் புதர் முதலியன. குடியானவர் தம் வரப்பைச் சீவினாலும் இவ்விடங்கள் கவனிக்கப்படாவிட்டால் உழைப்பு வீணாகும். ஆகவே சித்திரைக் கடைசியில் ஒரு தினத்தைக் குறித்து ஊருக்கு அறிவித்து, முதல் நாள் மாலை வளை அடைத்தல், மறுநாள் காலை குடியுள்ள வளைகளில் வேலை, பத்தாம் நாள் மீண்டும் அடைத்துப் பார்த்தல் என்று நடத்தி வைக்கலாம். புறம்போக்கிற்கு ஆகும் கூலியைப் பஞ்சாயத்து மூலம் ஏற்பாடு செய்யலாம். எங்கேனும் மின்சாரக் கம்பி இழுத்திருப்பதாகத் தெரிந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர வேண்டாம். அன்றே எடுக்கச் செய்து, வளை அடைக்கும் முறையைச் செய்து காட்டிவிட்டு வாருங்கள்.

கிட்டியும் கூண்டுப்பொறியும் கையாளும் விதத்தை நேரில் காண விரும்புவோர் சமீபத்திலுள்ள விவசாய உத்தியோகஸ்தரை அணுகலாம். கிராமத்தார் சேர்ந்து அழைத்தால் தோட்டத்திற்கே வந்து செய்து காட்டுவார்.